டைம்டேபிள் வீட்டுச் சூரியன்

"கீ... கீ... கீ... கீ..."

டைம்டேபிள் அப்போது ஒரு வாக்கியத்தின் நடுவில் இருந்தார்.

"...அதனால இஸ்திரிப் பெட்டியைச் சாதாரணமா நினைக்காதே. அது பஸ்ல ஏறுற யானை. யானை ஏறணும்னா முதல்ல மத்த பாசஞ்சரை எல்லாம் இறக்கி..."

"அப்பா, கூவுது!" என்றாள் மகள். கையில் கசங்கிய சட்டை. கல்லூரிக்கு இன்னும் இருபது நிமிடம்தான் இருந்தது.

"கேக்குது, கேக்குது. இரு, வந்து மிச்சத்தைச் சொல்றேன்."

"மெதுவா வாங்கப்பா."

கதவுக்குப் பின்னால் தொங்கிய மஞ்சள் துணியை உருவிக்கொண்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு, இரண்டிரண்டு படியாக மாடிக்கு ஓடினார். அவர் போன மறு நிமிடம் சத்தம் நின்றது. கீழே இஸ்திரிப் பெட்டி சூடேறியது.

அவருக்குப் பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. பேருந்து நிறுவனத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் கால அட்டவணை போட்டதில் அந்தப் பெயர் தேய்ந்து, டைம்டேபிள் என்பதே ஒட்டிக்கொண்டது. எந்த பஸ் எத்தனை மணிக்குக் கிளம்பும், எந்த நிறுத்தத்தில் எத்தனை நிமிடம் நிற்கும் என்று ஊரையே ஆட்டிப் படைத்தவர். நான்கு மாதங்களுக்கு முன் ஓய்வு பெற்றார். ஆட்டிப் படைக்க இப்போது வீடு மட்டும்தான் மிச்சம்.

சும்மா இருக்கத் தெரியாத மனிதர், ஓய்வு பெற்ற மறுவாரமே கூரையில் எட்டு சோலார் பேனல்களை ஏற்றினார். மாடிப்படிக்குக் கீழே இருந்த சின்ன அறையில் நான்கு பேட்டரிகளும், சூரியனை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வெர்ட்டரும் குடியேறின. அதோடு நிற்கவில்லை. கரண்ட் ஆபீசுக்குப் போய் இணைப்பைத் துண்டித்து, மீட்டரையும் கையோடு கொடுத்துவிட்டு வந்தார்.

"இனிமே நமக்கு ஒரே சப்ளையர்தான். அவன் ஒருநாள்கூட லேட்டா வந்ததில்ல" என்று வானத்தைக் காட்டினார்.

மாட்டிய அன்று மெக்கானிக் எல்லாவற்றையும் விளக்கினான். நல்ல பையன், எவரையும் சார், அக்கா என்றுதான் கூப்பிடுவான்.

"சார், பேட்டரி இறங்கிப் போனா மெஷின் இப்படிக் கூவும்." ஒரு பொத்தானை அழுத்தினான். கீ... கீ... என்று அது வீட்டையே துளைத்தது. "இது கூவினா நீங்க உடனே மாடிக்குப் போயி பேனல்ல தூசி, நிழல், எச்சம் ஏதாவது இருக்கான்னு பாக்கணும்."

டைம்டேபிளின் மனைவி அதுவரை சும்மா நின்றிருந்தார். அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"உடனேயா?"

"உடனேக்கா."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"எட்டுப் பேனலையும் ஒழுங்கா துடைச்சா அரை மணி நேரம் ஆகும்க்கா."

"அரை மணி நேரமா!" என்றார் மனைவி.

பாவம், நம் கஷ்டத்தை நினைத்து எப்படிக் கவலைப்படுகிறாள் என்று டைம்டேபிளுக்கு நெஞ்சு இளகியது. "நீ கவலைப்படாதேம்மா, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு, பேனலை ரசிக்க மாடிக்குப் போய்விட்டார். மிச்ச வேலையை மெக்கானிக்கும் மனைவியும் கீழே பார்த்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு சாப்பாட்டு அறைச் சுவரில் ஓர் அட்டவணை தொங்கத் தொடங்கியது. 'வாஷிங் மெஷின்: புறப்பாடு 11.05, வருகை 11.50. மிக்ஸி: 10.15, நாலு நிமிடம் மட்டும். இஸ்திரி: 12.00, சிறப்பு வண்டி. வாட்டர் பம்ப்: இஸ்திரி போன பிறகே கிளம்பும்.' வெயில் உச்சியில் இருக்கும்போதே கனமான வேலைகளை முடித்துவிட வேண்டும், பேட்டரியை இரவுக்குப் பத்திரமாக வைக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. கொள்கையில் தப்பே இல்லை. அதை அவர் விளக்குவதுதான் நிற்காமல் ஓடியது.

முதல் மூன்று மாதம் அந்த மெஷின் எப்போதாவது ஒரு முறை கூவும். இந்த மாதம், மனைவிக்கு ஒரு தங்கும் விடுதியிலிருந்து நாற்பது திரைச்சீலை தைக்கும் ஆர்டர் வந்ததோ இல்லையோ, கூவலும் பெருகிவிட்டது. ஒரு நாளைக்கு மூன்று முறை, நான்கு முறை.

"தையல் மெஷின்தான் தின்னுதோ?" என்று அவர் தையல் அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். படிக்கட்டு அறையை ஒட்டியதுதான் அந்த அறை. நடுவே மெல்லிய பலகைச் சுவர்.

"என்னங்க, இது சின்ன மோட்டார். ஒரு பல்பு எரியற கரண்ட்தான் எடுக்கும்னு நீங்களே சொன்னீங்களே."

"சொன்னேன். ஆனா நீ அழுத்தி அழுத்தி விடறே. டிரைவர் ஆக்சிலேட்டரை அழுத்தி அழுத்தி விட்டா டீசல் என்னாகும்? ஒரே சீரா மிதி. ஒண்ணு... ரெண்டு... மூணு..."

"எண்ணாதீங்க, தையல் கோணுது."

"எண்ணினாத்தான் கோணாது. எங்க டிப்போவுல ஒரு டிரைவர் இருந்தான்..."

டிப்போவில் இருந்த டிரைவரின் கதை முப்பத்திரண்டு ஆண்டு நீளம் உள்ளது. மனைவி திரைச்சீலையை மேசை விரிப்போடு சேர்த்துத் தைத்துவிட்டு, பெருமூச்சு விட்டு, நூல்கண்டு தேடுவதற்காகப் பித்தான் டப்பாவுக்குள் கையை விட்டார்.

"கீ... கீ... கீ... கீ..."

"பாத்தியா! நான் சொல்லல?" டைம்டேபிள் துணியோடு பறந்தார்.

மாடியில் அவர் துடைக்கத் தொடங்கியதும் சத்தம் நின்றுவிடும். துடைப்பதால்தான் நிற்கிறது என்பது அவருக்குச் சூரியன் கிழக்கே உதிப்பது போல உறுதி. ஆனால் ஒன்று மட்டும் உறுத்தியது. கீழே வந்து படிக்கட்டு அறையில் எட்டிப் பார்த்தால், இன்வெர்ட்டரில் பேட்டரி நிறைந்திருப்பதைக் காட்டும் பச்சை விளக்கு ஜம்மென்று எரியும்.

"பேட்டரி காலின்னு மெஷின் கத்துது. ஃபுல்லுன்னு விளக்கு சொல்லுது. ரெண்டுல எது பொய்?"

"விளக்குதான்" என்றார் மனைவி உள்ளிருந்து.

"எப்படிச் சொல்றே?"

"கத்துறது எதுக்குங்க பொய்யாக் கத்தணும்?"

அதுவும் நியாயம்தான் என்று பட்டது. பச்சை விளக்கின் மேல் ஒரு துண்டு கறுப்பு டேப்பை ஒட்டினார். பொய் சொல்கிறவன் முகத்தில் ஏன் விழிக்க வேண்டும்?

இத்தனை பதற்றத்துக்கும் காரணம் இருந்தது. வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, சோலார் கம்பெனி எட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு அவர் வீட்டைப் பார்க்க வருகிறது. 'மெயின் கரண்ட் இல்லாமலே முழுதாக ஓடும் மாதிரி வீடு' என்று கடிதமே போட்டிருந்தார்கள். 'தங்கள் அனுபவத்தைச் சுருக்கமாகப் பகிர்ந்துகொள்ள வேண்டுகிறோம்' என்றும் எழுதியிருந்தார்கள். டைம்டேபிள் சுருக்கி, முப்பத்தாறு குறிப்புகளாக எழுதி வைத்திருந்தார். ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவர் பேச்சைக் கேட்க மனிதர்கள் தாமாகவே தேடி வருவது அதுதான் முதல் தடவை. அந்த எட்டுப் பேர் முன்னால் மெஷின் கூவினால்?

"மானம் போயிடும்டா மாப்ளே" என்றார், அன்று சாயந்திரம் வந்த மனைவியின் தம்பியிடம்.

இரண்டு தெரு தள்ளி மெயின் கரண்டில் சுகமாக வாழ்கிற ஆசாமி அவர். காலை நீட்டி உட்கார்ந்தார்.

"மச்சான், நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. எங்க வீட்டுல சுவிட்சைப் போட்டா லைட் எரியுது. அவ்வளவுதான். மாடிக்கு ஓட வேணாம், துணி வேணாம், வாளி வேணாம்."

"உனக்கு மாசம் பில் வருது."

"வருது. ஆனா மூட்டு வலி வரல. இந்தாங்க." பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். "புது கனெக்‌ஷனுக்கு விண்ணப்பம். எல்லாம் நானே நிரப்பிட்டேன். கையெழுத்து மட்டும்தான் பாக்கி. சனிக்கிழமைக்குள்ள போட்டுருவீங்க, பாருங்க."

"போட மாட்டேன்."

"கீ... கீ... கீ..."

"ஓடுங்க மச்சான்" என்றார் மச்சினர், தேநீரை ஊதிக்கொண்டே.

மறுநாள் டைம்டேபிள் ஒரு தந்திரம் செய்தார். மெஷின் கூவும் அந்த நொடியில் கையும் களவுமாகப் பிடித்துவிடுவது. படிக்கட்டு அறைக்குள் முக்காலி போட்டு, குனிந்து, இன்வெர்ட்டரின் முகத்துக்கு நேரே முகம் வைத்து உட்கார்ந்தார். ஒரு மணி நேரம். இரண்டு மணி நேரம். மெஷின் வாயே திறக்கவில்லை. பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் தையல் மெஷின் தடதடவென்று சந்தோஷமாக ஓடியது.

"இன்னும் கூவலியாங்க?"

"இல்லையே!"

"உங்களைப் பாத்துப் பயப்படுது போல. அங்கேயே இருங்க."

"எவ்வளவு நேரம்?"

"சாயந்திரம் வரைக்கும் இருந்து பாருங்களேன்."

முதுகு பிடித்துக்கொண்டு வெளியே வந்தவர், தையல் அறை நாற்காலியில் சாய்ந்து, தன் கண்டுபிடிப்பைப் புள்ளி விவரத்தோடு விளக்கத் தொடங்கினார். ஐந்தாவது நிமிடம் மெஷின் கூவியது.

"சரியான கள்ளப் பய மெஷின்!" என்று பல்லைக் கடித்தபடி படியேறினார்.

"மெக்கானிக்கையே கேட்டுடு" என்று கீழே வந்ததும் சொன்னார். அவருடைய போனுக்கு அட்டவணைப்படி பகல் 12.40க்குத்தான் சார்ஜ், அதுவரை அணைந்தே கிடக்கும். மெக்கானிக்கின் எண்ணும் மனைவியிடம்தான் இருந்தது. மனைவி கொல்லைப்பக்கம் போய், கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்தார்.

"என்ன சொன்னான்?"

"வெளியூர்ல இருக்கானாம். சனிக்கிழமை அந்த ஆளுங்களோட வந்து பாக்கறேன்னான். அதுவரைக்கும் நீங்க மாடியிலயே இருந்தா நல்லதாம்."

"மாடியிலயேவா?"

"பேனலைக் கண்ணெடுக்காம பாத்துக்கிட்டே இருக்கணுமாம். எட்டு மணியில இருந்து மதியச் சாப்பாடு வரைக்கும். அப்புறம் சாப்பாட்டுல இருந்து நாலு மணி வரைக்கும்."

"அது சரி, பேனல் என்ன குழந்தையா?"

"எனக்கென்னங்க தெரியும்? படிச்ச பையன் சொல்றான்."

அன்றிலிருந்துதான் விவகாரம் கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாயிற்று.

புதன்கிழமை நாற்காலியோடு மாடியில் குடியேறினார். வெயில் மண்டையைப் பிளந்ததால் ஒரு பெரிய குடையைக் கம்பத்தில் கட்டி நிறுத்தினார். குடையின் நிழல் வஞ்சனையில்லாமல் இரண்டு பேனல்கள்மேல் விழுந்தது. பேனலில் ஒரு மூலையில் நிழல் விழுந்தாலும் அந்த வரிசை முழுக்கச் சோர்ந்துவிடும், ஒரு டயர் பஞ்சரானால் பஸ்ஸே நிற்பது போல. இது அவருடைய ஒன்பதாவது குறிப்பு. குடைக்கடியில் உட்கார்ந்துதான் அந்தக் குறிப்பைத் திருத்தி எழுதிக்கொண்டிருந்தார்.

சாயந்திரம் மின்விசிறி மெதுவாகச் சுற்றியது.

"என்னப்பா, விசிறி ஆளைப் பாத்துச் சுத்துது?" என்றாள் மகள்.

"வெயில் சாயச் சாய பேனல் பழைய பக்கத்தையே பாத்துக்கிட்டிருக்கு. அதான் சங்கதி. நாளைக்குச் சூரியன் போற பக்கமெல்லாம் திருப்பிடறேன்."

வியாழக்கிழமை பேனல் நிற்கும் சட்டத்தின் திருகுகளைத் தளர்த்தி, இரண்டு கயிறு கட்டி, மணிக்கொரு தடவை இழுத்தார். காலையில் எல்லாம் ஒழுங்காகத் திரும்பியது. மத்தியானம் கயிறு வழுக்கியதில் நான்கு பேனல்கள் சூரியனுக்கு முதுகைக் காட்டி, தண்ணீர்த் தொட்டியை முறைத்துப் பார்த்து நின்றன. இழுத்த இழுப்பில் சட்டம் வளைந்துவிட்டதால் திரும்ப வர மறுத்தன.

சாயந்திரம் ஃப்ரிட்ஜ் நின்றது. பால் திரிந்தது.

"ஃப்ரிட்ஜுக்கு இன்னிக்கு லீவு" என்று அறிவித்துவிட்டு, அட்டவணையில் சிவப்புக் கோடு போட்டார். "ஆனா ஒரு நல்ல செய்தி. ரெண்டு நாளா மெஷின் கூவவே இல்ல! கவனிச்சியா?"

"கவனிச்சேன்" என்றார் மனைவி. இரண்டு நாளில் இருபத்தொரு திரைச்சீலை முடித்திருந்தார். முகத்தில் அப்படி ஒரு தெளிவு. "நீங்க மாடிக்குப் போனதுல இருந்துதான் வீட்டுல அமைதி."

"அப்ப வியாதி குணமாகுதுன்னு அர்த்தம்."

"ஆமாங்க. மருந்தை நிறுத்திடாதீங்க."

வெள்ளிக்கிழமை, மிச்சமிருந்த ஒரே இடம் பேட்டரி. திறந்து பார்த்தார். உள்ளே தண்ணீர் கோட்டளவுக்கு இருந்தது. கோட்டளவு என்றால் வெறும் பாஸ் மார்க். நாளை விருந்தாளிகள் வருகிறபோது முதல் வகுப்பு வேண்டாமா? கடையிலிருந்து சுத்திகரித்த தண்ணீர் ஆறு பாட்டில் வாங்கி வந்து, நான்கு பேட்டரிக்கும் கழுத்து வரை ஊற்றினார். வயர் தளர்ந்திருக்குமோ என்று ஸ்பேனரால் முறுக்கினார். இன்னொரு முறுக்கு. 'டக்'கென்று ஏதோ கேட்டது. இறுகிவிட்டது என்று திருப்தியோடு நிறுத்தினார். அது பேட்டரியின் முனை ஒன்று விரிசல் விட்ட சத்தம்.

வெயிலில் பேட்டரி ஏறியதும் தண்ணீர் பொங்கி, மூடி வழியே வழிந்து, தரையில் ஓடியது. இரவு ஏழு மணிக்கு வீட்டில் எரிந்தது ஒரே ஒரு பல்பு. அதுவும் எரிகிறதா, எரிவதாகப் பாவனை செய்கிறதா என்று பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது.

டைம்டேபிள் அந்தப் பல்புக்கடியில் உட்கார்ந்தார். முப்பத்தாறு குறிப்புகள் எழுதிய தாள் மடியில் இருந்தது. எழுத்து தெரியவில்லை.

"முடிஞ்சுதும்மா" என்றார். குரல் வேறு மாதிரி இருந்தது. "நான் தோத்துட்டேன். சொந்தமா ஒரு சூரியனை வச்சு ஒரு வீட்டை நடத்தத் தெரியல. இவ்வளவு பெரிய ஊருக்கு எப்படி பஸ் விட்டேனோ! உன் தம்பி வச்ச காகிதத்தை எடு. கையெழுத்துப் போட்டுடறேன். மெயின் கரண்டே வரட்டும். இந்தக் கூவல், இந்த ஓட்டம், எதுவும் வேணாம். நிம்மதியா உன் பக்கத்துலயே உக்காந்திருக்கேன்."

மனைவியின் கையிலிருந்து கத்தரிக்கோல் நழுவித் தரையில் விழுந்தது.

"பக்கத்துலயேவா?"

"ஆமா. இனிமே எனக்கு வேற என்ன வேலை?"

"கூடாது!" என்றார் மனைவி. அந்த வீட்டுச் சுவர்கள் அவ்வளவு உரத்த குரலைக் கேட்டதில்லை. மேசையிலிருந்த விண்ணப்பத்தை எடுத்து இரண்டாகக் கிழித்தார். நாலாகக் கிழித்தார். "இந்த வீட்டுல மெயின் கரண்ட் வரவே கூடாது. சோலார்தான். நான் உயிரோட இருக்கிற வரைக்கும் சோலார்தான்!"

டைம்டேபிளின் கண் கலங்கியது.

"என்மேல உனக்கு இவ்வளவு நம்பிக்கையா?"

"நம்பிக்கையோ என்னவோ... நீங்க மாடிக்குப் போறதை நிறுத்தக் கூடாது. அவ்வளவுதான்."

இப்படி ஒரு மனைவி கிடைக்க எத்தனை பிறவி தவம் செய்திருக்க வேண்டும் என்று நினைத்தபடியே அவர் தூங்கப் போனார்.

சனிக்கிழமை. பத்து மணிக்கு ஒரு நிமிடம் முன்னதாகவே எட்டுப் பேரும் வந்தார்கள். டைம்டேபிளுக்கு அதுவே பாதி வெற்றி. மெக்கானிக் கருவிப் பையோடு பின்னால் வந்தான். வேடிக்கை பார்க்க மச்சினரும் வந்து, வசதியாக ஒரு மூலையைப் பிடித்தார். மனைவி தையல் அறையில் கடைசித் திரைச்சீலையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்; பகல் பன்னிரண்டுக்கு விடுதியிலிருந்து ஆள் வருகிறது.

"அனைவருக்கும் வணக்கம்" என்று ஆரம்பித்தார் டைம்டேபிள். "முதல் குறிப்பு. சூரியன் என்பவர் யார்?"

அந்தக் கேள்விக்கே பத்து நிமிடம் ஆயிற்று. மூன்றாவது குறிப்பின்போது விசிறி ஒரு சுற்றுச் சுற்றி, யோசித்து, நின்றது. தையல் அறையில் மெஷினும் நின்றது. ஒரு சத்தம் இல்லை, ஒரு கூவல் இல்லை. வீடு சத்தமில்லாமல் செத்துப்போயிற்று.

எட்டுப் பேரும் மேலே பார்த்தார்கள். மச்சினர் மட்டும் டைம்டேபிளையே பார்த்தார்.

"இது... விசிறிக்கு ஓய்வு நேரம்" என்றார் டைம்டேபிள். மெக்கானிக்கின் காதருகே குனிந்தார். "தம்பி, ஒண்ணும் பேசாதே. எதுவும் கேக்காதே. சத்தமில்லாம சரி பண்ணிடு."

மெக்கானிக் படிக்கட்டு அறைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தான். தரையில் தண்ணீர், முனையில் விரிசல், பச்சை விளக்கின் முகத்தில் கறுப்பு டேப். ஒரு பெரிய கேள்வி அவன் வாய்வரை வந்தது. கேட்கக் கூடாது என்று சார் சொல்லிவிட்டாரே! பேட்டரி வயர்களைக் கழற்றினான். அந்த அறையில் வெளிச்சம் போதாததால் இன்வெர்ட்டரையே சுவரிலிருந்து இறக்கி, கூடத்து ஜன்னலோரம் கொண்டுவந்து, சம்மணம் போட்டு மடியில் மல்லாக்கப் போட்டு, திருகுகளைக் கழற்றத் தொடங்கினான்.

டைம்டேபிள் அசரவில்லை. கரண்ட் போனால் என்ன? வாய்க்கு பேட்டரி தேவையில்லை. பேசப் பேச அவருக்குத் தெம்பு வந்தது.

"ஏழாவது குறிப்பு. இதில் பதினோரு உட்பிரிவுகள் இருக்கின்றன..."

விசிறி இல்லாத கூடத்தில் எட்டுப் பேரும் வேர்த்துக் கொட்டினார்கள். ஒருவர் கைக்குட்டையைப் பிழிந்தார். ஒருவர் கடிகாரத்தைக் குலுக்கிக் காதில் வைத்துப் பார்த்தார். வந்தவர்களில் ஒரு பெண்மணி மெல்ல எழுந்து, தண்ணீர் கேட்கிற சாக்கில் தையல் அறைக்குள் நழுவினார்.

மனைவி ஊசி பிடித்துக் கையாலேயே ஓரம் தைத்துக்கொண்டிருந்தார். கூடத்தில் நடப்பது எதுவும் அங்கிருந்து கண்ணுக்குத் தெரியாது, காதில்தான் விழும்.

"ஏங்க, உங்க வீட்டுக்காரர் எப்பவுமே இப்படித்தான் பேசுவாரா?"

"இல்லீங்க. இன்னிக்குக் கொஞ்சம் சுருக்கமாப் பேசறார்."

"இன்னும் எத்தனை குறிப்பு இருக்கு?"

"இருபத்தொன்பது."

அந்தப் பெண்மணி சுவரைப் பிடித்துக்கொண்டார். மனைவிக்கு இரக்கம் வந்துவிட்டது. சொம்பை நீட்டினார்.

"தண்ணியைக் குடிச்சிட்டு நிதானமா வீட்டுக்குக் கிளம்புங்க. இதோ, முடிஞ்சிடும்."

சொல்லிவிட்டு, நூல்கண்டு தேட, பித்தான் டப்பாவுக்குள் கையை விட்டார்.

"கீ... கீ... கீ... கீ..."

கூடத்தில் டைம்டேபிளின் வாக்கியம் அறுந்தது. நான்கு மாதப் பழக்கம் எங்கே போகும்? "மன்னிக்கணும், கடமை அழைக்கிறது!" என்று எட்டுப் பேருக்கும் ஒரு கும்பிடு போட்டு, கதவுக்குப் பின்னாலிருந்து மஞ்சள் துணியை உருவி, வாளியைத் தூக்கி, இரண்டிரண்டு படியாகத் தாவி, நான்காவது படியில் கால் வைத்திருந்தார்.

ஜன்னலோரம் ஒவ்வொரு திருகாகக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்த மெக்கானிக், தலையை நிமிர்த்தாமலே சொன்னான்:

"எங்க சார் ஓடுறீங்க? மெஷின் இங்க என் மடியில செத்துக் கிடக்கு. இதோட கூவுற வயரைத்தான் மாட்டின அன்னைக்கே அக்கா பிடுங்கச் சொல்லிட்டாங்களே, இப்ப கூவுறது அன்னைக்கு அந்தச் சத்தத்தைப் பதிஞ்சு வச்சுக்கிட்ட அவங்க போனு!"